பிறந்தநாள் ஒரு நாள் பின்னால் போகிறதா? ஜாவாஸ்கிரிப்டில் தேதியை ஜேசானாக மாற்றும் முறை

படிவத்தில் 1990 ஆகஸ்ட் 15 என்று தேர்ந்தெடுக்கிறோம். டேட்டாபேஸில் 14 என்று பதிவாகிறது. இந்திய நேரத்தில் வேலை செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் டெவலப்பர்கள் பலருக்கும் பழகிய தலைவலி இது.

படி 1: பிழையை வரவழையுங்கள்

பிரவுசர் கன்சோலைத் திறந்து நியூ டேட்(1990, 7, 15) என்று கொடுங்கள். (மாதத்தை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் 7 என்றால் ஆகஸ்ட். திட்டிவிட்டு மேலே போகலாம்.) அதை ஜேசானாக (தரவை அனுப்பப் பயன்படும் எழுத்து வடிவம்) மாற்றும் ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபையில் போட்டால் 1990-08-14 என்ற தேதி, 18:30:00.000 என்ற நேரம், கடைசியில் யுடிசியைக் (உலகப் பொது நேரத்தைக்) குறிக்கும் இசட் என்று வரும்.

டேட் ஆப்ஜெக்டுக்குள் இருப்பது ஒரே ஓர் எண்தான்: 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் என்பது. நேர மண்டலத்துக்கு அங்கே இடமே இல்லை. ஸ்ட்ரிங்கிஃபை அந்த எண்ணை எப்போதும் யுடிசியில்தான் எழுதும். நம் நள்ளிரவில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் மாலை ஆறரை. கணக்கு சரிதான், பிறந்தநாளுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை.

படி 2: கணமா, நாளா?

பணம் செலுத்திய நேரம், லாகின் நேரம் எல்லாம் கணங்கள். இவற்றை யுடிசியிலேயே அனுப்புங்கள், திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். பிறந்தநாள், விடுமுறை நாள் போன்றவை வெறும் நாட்காட்டித் தேதிகள். அவற்றை டேட் ஆப்ஜெக்டாக அனுப்பவே கூடாது.

படி 3: நாளை எழுத்தாக அனுப்புங்கள்

கெட்ஃபுல்இயர், கெட்மந்த் கூட்டல் 1, கெட்டேட் மூன்றையும் எடுத்து, மாதத்தையும் நாளையும் பேட்ஸ்டார்ட்டால் இரண்டு இலக்கமாக்கி, நடுவில் கோடு போட்டு இணையுங்கள். 1990-08-15 கிடைக்கும்.

தேதியை யுடிசியில் எழுதித் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்கில் முதல் பத்து எழுத்தை வெட்டிக்கொண்டால் போதாதா என்று தோன்றும். வேண்டாம். இன்றைய தேதியை அப்படி எடுத்தால் பகலில் சரியாகவே வரும். இந்தியாவில் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை நேற்றைய தேதி வரும். ஆபீஸ் நேரத்தில் சோதித்தால் இது சிக்கவே சிக்காது.

படி 4: வருங்காலச் சந்திப்புகள்

அடுத்த வருடம் லண்டனில் காலை 10 மணிக்கு ஒரு மீட்டிங் என்றால், உள்ளூர் நேரத்தோடு யூரோப்/லண்டன் என்ற மண்டலப் பெயரையும் சேமியுங்கள். அங்கே கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அரசுகள் விதியையே மாற்றுவதும் உண்டு: இலங்கை 2006 ஏப்ரலில் யுடிசி +6:00 இலிருந்து +5:30க்குத் திரும்பியது. பழைய வித்தியாசத்தை மட்டும் சேமித்து வைத்திருந்த செயலிகளில் அரை மணி நேரம் பிசகியிருக்கும்.

படி 5: திரும்பப் படிப்பது

1990-08-15 என்ற எழுத்தை நேராக நியூ டேட்டில் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுக்கும். குழப்பம்தான், ஆனால் விதி அதுதான். அதனால் கோடுகளில் பிரித்து மூன்று எண்களாகக் கொடுங்கள். மாதத்தில் 1 கழிக்க மறக்காதீர்கள்.

அப்புறம் நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற சூழல் மாறியை அமெரிக்கா/நியூ_யார்க் என்று வைத்து (அசல் பெயர் ஆங்கில எழுத்தில்தான்) இதே நிரலை ஓட்டுங்கள். எழுத்தை நேராக நியூ டேட்டில் கொடுக்கும் இடம் எங்காவது மிச்சமிருந்தால், கெட்டேட் அங்கே 14 என்று காட்டிக்கொடுத்துவிடும்.