பழைய தோணியை மியூசியமாக வைக்கணுமா? முதல் செலவு கூரைக்கு

பழைய பாய்மரத் தோணியோ கேரளத்துப் பேப்பூரில் கட்டிய உருவோ (பெரிய மரக்கப்பல்) கைக்கு வந்துவிட்டால் எல்லாரும் முதலில் தேடுவது பெயிண்ட் டப்பாவைத்தான். அது கடைசி வேலை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நனையும். உப்பு ஏறிய மரத்தில் பூஞ்சை லேசில் பிடிக்காது, ஆனால் மழைத்தண்ணீர் மேல்தளத்து இடுக்கு வழியாக இறங்கி வங்குகளுக்கு (உள்ளே விலா எலும்பு போல நிற்கும் வளைந்த கட்டைகள்) நடுவே தேங்கிவிட்டால், வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துவிடும். 1922 முதல் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் (தண்ணீர் வடித்த கப்பல் துறை) நிற்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரிக்கும் இதே கதிதான். அதனால் கூரை முதலில். சாரல் படாத அளவுக்கு இறவாணம் நீளட்டும், பக்கங்களை மட்டும் அடைக்காதீர்கள், காற்று வேண்டும்.

கரையேற்றும் முன் அளவெடுத்து, படம் பிடித்து, பலகைகளுக்கு எண் போடுங்கள். தண்ணீரில் கடல் முழு உடம்பையும் தாங்கும், கரையில் முட்டுக் கொடுத்த இடம் மட்டும்தான் தாங்கும். ஆகவே அடியில் ஏரா (தோணியின் முதுகெலும்பான அடிக்கட்டை) முழு நீளத்துக்கும் நெருக்கமாகக் கட்டை வையுங்கள், பக்கவாட்டு முட்டுகளை வங்கு இருக்கும் இடம் பார்த்துக் கொடுங்கள், வெறும் பலகையில் கொடுத்தால் உள்ளே அமுங்கும். அஸ்திவாரம் கான்கிரீட்டாக இருக்கட்டும். மணலில் புதைத்தால் கரையானுக்கு விருந்து.

வெயிலில் போட்டு வேகமாக உலர்த்தினால் பிளந்துவிடும். ஈரச்சாக்கு போர்த்தி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காயவிடுங்கள். ஈரமானியில் இருபது சதவீதத்துக்குக் கீழே வந்தபின் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துப் பூசலாம் (மழை பட்டால் கரைந்து போய்விடும், கூரை இல்லாமல் வீண்). மண்ணுக்கடியிலோ கடலுக்கடியிலோ கிடந்த மரம் என்றால் கதையே வேறு, தொடாமல் நிபுணரைக் கூப்பிடுங்கள். ஸ்வீடனின் வாசா கப்பலுக்கு 17 வருஷம் ரசாயனம் தெளித்தார்கள்.

இன்னொன்று, காய்ந்து விலகிய இடுக்கைப் பார்த்துப் பதறி கலப்பத்து (பலகை இடுக்கில் பஞ்சு, நார் திணித்து அடைப்பது) இறுக்கி அடிக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும்போது பலகையே ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். கரையில் நிற்கிற தோணி தண்ணீர் புகாமல் இருக்கவேண்டிய அவசியமும் இல்லையே!

பலகை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழசு எந்த மரமோ அதே மரம், அயினி என்றால் அயினி. புதுப்பலகையின் உட்பக்கம் வருஷத்தைப் பொறித்துவிட்டு, கழற்றிய துண்டை எண்ணோடு எடுத்து வையுங்கள்.