மைக் பிடித்தவர் மறந்துவிடுவது: விளையாட்டு வர்ணனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கங்களிலும் மின்னொளி கபடிப் போட்டிக்கான பேனர்கள் வரிசையாக எழும்பும். அண்மை ஆண்டுகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் யூடியூப் நேரலையும் இவற்றோடு சேர்ந்துகொண்டதால், ஒரு காலத்தில் வானொலி நிலையத்தாரிடம் மட்டுமே இருந்த வர்ணனைப் பணி இப்போது ஊருக்கு ஓர் இளைஞரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இவர்களுள் நல்ல குரல் உடையவர்கள் பலர். ஆட்டத்தை ஆடியே அறிந்தவர்களும் பலர். ஆயினும் அரை மணி நேரத்துக்குள் கேட்பவர் சலித்துப்போய்க் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிடுகிறார். தமக்குத் தெரிவதில் எவ்வளவு கேட்பவர் கண்ணுக்கும் தெரிகிறது என்பதை வர்ணனையாளர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நான் கவனித்த வரையில் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வானொலி கேட்பவருக்கு எதுவுமே தெரியாது. பந்து மைதானத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக்கூட ஒருவர் சொன்னால்தான் உண்டு. 1927 ஜனவரி 22 அன்று லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் ஆடிய கால்பந்து ஆட்டத்தைப் பிபிசி நேரடியாக ஒலிபரப்பியபோது, மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் படம் அதன் வார இதழில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. ஒருவர் ஆட்டத்தை வர்ணிக்க, பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணை இன்னொருவர் இடையிடையே சொல்லிவந்தார். இன்றைக்கு அது வேடிக்கையாகத் தோன்றினாலும், கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது இடம்தான் என்பதை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டிருந்தார்கள். அகில இந்திய வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்த அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோரின் பெயர்களை இப்பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்வதற்கு அவர்களுடைய தமிழ் ஒரு காரணம் என்றால், பந்து வீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், ஸ்லிப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள், அடித்த பந்து யாருக்கும் யாருக்கும் இடையே போகிறது என்று மைதானத்தையே கேட்பவர் மனத்தில் விரித்துவைக்கும் அந்த முறை இன்னொரு காரணம்.

அத்தகைய வர்ணனையில் மன்னிக்க முடியாத தவறு, ஸ்கோரைச் சொல்ல மறப்பது. அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்கும் நேரத்தை அளக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றைத் தம் முன் வைத்துக்கொண்டு, மணல் இறங்கும்போதெல்லாம் ஸ்கோரைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பது வழக்கம். யூடியூப் நேரலை செய்வோருக்கும் இது பொருந்தும். திரையின் அடியில் ஸ்கோர் பட்டை இல்லாத நேரலைகளே நம் பக்கத்தில் மிகுதி. கடையில் வியாபாரத்துக்கு நடுவே எட்டிப் பார்ப்பவர், அப்போதுதான் பேருந்தில் ஏறி அமர்ந்தவர் என்று ஒவ்வொரு நிமிடமும் யாராவது ஒருவர் புதிதாக வந்துகொண்டேயிருக்கிறார். ஐந்து நிமிடம் காத்திருந்தும் யார் ஆடுகிறார்கள், எத்தனை ஓவர் மீதம் என்பது தெரியாவிட்டால் அவர் வெளியேறுவதில் வியப்பில்லை.

படம் உள்ள வர்ணனையில் தவறு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரிடம், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது என்று உரக்கச் சொல்வதால் பயன் ஏதுமில்லை. முந்தைய பந்தில் மிட்விக்கெட்டில் நின்றவரை உள்ளே இழுத்தார்கள், அதனால் அங்கே இடம் கிடைத்தது என்று சொன்னால் பார்ப்பவருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர் ரிச்சி பெனோ தொலைக்காட்சியில் மிகக் குறைவாகப் பேசியே பெரும் பெயர் பெற்றார் என்பதை நம் இளைஞர்கள் நம்ப மறுப்பார்கள்; மௌனமாக இருந்தால் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று அமைப்பாளர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஆனால் ஒற்றைக் கேமராவை வைத்து எடுக்கும் உள்ளூர் நேரலையில் நிலைமை சற்று வேறு. அங்கே கேமரா பிட்ச்சை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும்; பீல்டர்கள் நிற்கும் இடம் சட்டகத்துக்கு வெளியே இருக்கும். அங்கே வர்ணனையாளர் பாதி வானொலிக்காரராகவும் மாற வேண்டும்: உள்ளே தெரிவதை விட்டுவிட்டு வெளியே இருப்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கபடி மைக்

கபடி மைதானத்து மைக்குக்காரரின் வேலை இந்த இரண்டிலும் சேராதது, இரண்டையும்விடக் கடினமானது. தடுப்புக் கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். நான்காவது வரிசையில் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலைதான் தெரிகிறது. கூம்பு ஒலிபெருக்கி கட்டிய மரத்துக்கு அப்பால் தம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் முதியவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. இந்த மூவருக்கும் ஒரே மைக்கில் பேச வேண்டும்.

ஒரு ரைடுக்கு, அதாவது ஒருவர் எதிரணிப் பகுதிக்குள் பாடிப்போய்த் திரும்புவதற்கு, 30 வினாடிதான் காலம். அதற்குள் எல்லாவற்றையும் திணிக்க முயல்வதே நம் பக்கத்து மைக்குகளில் அதிகம் கேட்கும் தவறு. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லி முடிக்க வேண்டியவை சில உண்டு: போகிறவர் யார், எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், இந்த ரைடின் நெருக்கடி என்ன. எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ் கோட்டைத் தாண்டியதற்கான கூடுதல் புள்ளி கிடைக்கும். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்துவிட்டால் சூப்பர் டாக்கிள் என்று தடுப்பவர்களுக்கு ஒரு புள்ளி கூடும். புரோ கபடி லீக் போட்டிகள் வழியாகப் பரவிய விதியைப் பின்பற்றும் போட்டியானால், இரண்டு ரைடுகள் வெறுமையாகத் திரும்பிய பின் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ரைடர் வெளியேற வேண்டும். இந்தக் கணக்கை முன்பே சொல்லிவிட்டால், அதன் பிறகு வரும் 30 வினாடியில் வர்ணனையாளர் எவ்வளவு குறைவாகப் பேசினாலும் திண்ணையில் இருப்பவர்கூட நிமிர்ந்து உட்காருவார். ரைடு நடக்கும்போது ‘இடது மூலை, கால் நீட்டுகிறார், கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள்’ என்ற அளவில் சொற்கள் போதும். முடிந்ததும் நடுவரின் முடிவையும் ஸ்கோரையும் சொல்ல வேண்டும். நடைமுறையிலோ ரைடுக்கு முன் மௌனம், ரைடின்போது தொடர் அலறல், முடிந்ததும் யாருக்கு எத்தனை புள்ளி என்று சொல்லாமலே அடுத்த ரைடரின் பெயர் என்றுதான் ஆட்டம் நகர்கிறது.

இதோடு சேர்ந்து வருவது நன்கொடை அறிவிப்பு. அடுத்த கேட்சுக்கு ஐநூறு ரூபாய் வழங்கும் பெரியவரின் பெயரும், அவர் வகிக்கும் பொறுப்புகளும், பி.ஒய். 01 பதிவெண் கொண்ட வண்டியை வழியிலிருந்து உடனே எடுக்கும்படியான வேண்டுகோளும் ஆட்டத்தின் மிக இறுக்கமான நொடியில்தான் ஒலிக்கும். பணம் கொடுப்பவரை மதிக்காமல் ஒரு போட்டியும் நடக்காது என்பதை நான் மறுக்கவில்லை. இடைவேளையும் அணிகள் கேட்கும் நேர நிறுத்தமும் அதற்காகவே இருப்பவை போல அமைந்திருக்கின்றன. அப்போது வாசித்தால் கொடுத்தவருக்கும் பெருமை அதிகம், ஏனென்றால் அந்த வேளையில்தான் கூட்டம் காது கொடுக்கும்.

குரலை உயர்த்துவது பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் ரைடிலேயே தொண்டையின் உச்சிக்குப் போய்விட்டவருக்கு, கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் சமநிலையில் நிற்கும்போது ஏறுவதற்குப் படி இருக்காது. கேட்பவரும் எது பெரிய நிகழ்ச்சி, எது சாதாரணம் என்று பிரித்தறிய முடியாமல் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாகக் கருதத் தொடங்கிவிடுகிறார். ஒலியின் தன்மையும் இதற்கு உடன்படுவதில்லை: கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை ஏற்கெனவே விழுங்கிவிடும், உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துக் கத்தினால் ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவைத் தாண்டி ஒலி சிதைந்து, மெய்யெழுத்துகள் மழுங்கி, உயிரொலிகளின் முழக்கம் மட்டும் வெளியே வரும். எந்த ஊர் அணி வென்றது என்பதே பக்கத்துத் தெருவில் கேட்பவருக்குப் புரியாது. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்து, வழக்கமான குரலைவிடச் சிறிது அழுத்திப் பேசினாலே போதும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு என்பதையும், கத்தாத வர்ணனையாளர்மீது அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பது குறைவு என்பதையும் அமைப்பாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்த பெத்தாங்க் என்னும் குண்டெறி ஆட்டத்தில் சிக்கல் வேறு மாதிரியானது. வட்டத்துக்குள் இரு கால்களையும் ஊன்றி நின்று, ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரப்பந்தை நோக்கி இரும்புக் குண்டை எறிபவருக்கு, கையை விடும் நொடியில் காதருகே ஒருவர் பேசிக்கொண்டிருப்பது இடைஞ்சல். குண்டு விழுந்து நின்ற பிறகு எது மரப்பந்துக்கு அருகில் இருக்கிறது, ஆட்டம் முடியும் 13 புள்ளிக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று சொல்வதே அங்கே முழு வர்ணனை.

பெயரும் சார்பும்

ஆடுபவரின் பெயரைத் தவறாகச் சொல்வது சிறிய பிழையாகத் தோன்றும்; அவருடைய தாயார் கயிற்றருகே உட்கார்ந்திருக்கும்போது அது சிறிய பிழை அல்ல. அணித் தலைவரிடமிருந்து எண்ணோடு கூடிய பெயர்ப் பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே வாங்கி, ஒருமுறை அவர் காதுபட வாசித்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் அணிகளில் பிரெஞ்சு முறைப்படி ஒலிக்கும் பெயர்கள் வருவதும் உண்டு. எழுத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட உரியவரிடம் கேட்டுக்கொள்வது எளிது. பெயர் தெரியாதபோது ‘ஏழாம் எண் வீரர்’ என்று சொல்லலாம். உடல் பருமனையோ நிறத்தையோ அடையாளமாக வைத்து அழைப்பது கூட்டத்தில் சிரிப்பை வரவழைக்கும் என்பதாலேயே பலர் அதை நகைச்சுவை என்று நம்பிவிடுகிறார்கள்.

சொந்த ஊர் அணிமேல் அன்பு இருப்பது இயல்பு. அதைக் குரலில் மறைக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். எதிரணி எடுத்த புள்ளியை முணுமுணுப்பாகச் சொல்வதும், நடுவர் முடிவை மைக்கில் கேள்வி கேட்பதும் வேறு. கையில் மைக் இல்லாதவர் நடுவரைத் திட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். மைக்குக்காரர் ஐயம் எழுப்பினால் இரண்டு ஊர்கள் எழுந்து நிற்கும். ஆட்டக்காரரை அவர் தெருவின் பெயரால், அதன் வழியாகச் சாதியை உணர்த்தும் வகையில் அறிமுகப்படுத்துவதும் இந்த வகைதான். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மகளிர் ஆட்டம் நடக்கும்போது இந்தக் கவனக்குறைவு வேறு உருவில் வரும். ‘ஆண்களுக்கு நிகராக ஆடுகிறார்’ என்பதைப் பாராட்டாக எண்ணிச் சொல்வது, ஆட்டத்தை விட்டுவிட்டு வீராங்கனையின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவது, எல்லோரையும் ‘தங்கச்சிகள்’ என்றே அழைப்பது ஆகியன. இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனைத் தந்த கடலூர் மாவட்டத்தில் இப்படிப் பேசுவது கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நடுக்களத்திலிருந்து பந்தை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார், எந்தக் காலால் திருப்புகிறார் என்று அங்கேயும் சொல்வதற்கு ஆட்டமே நிறைய இருக்கிறது.

இருவர் சேர்ந்து வர்ணிக்கும்போது எழும் குழப்பம் பெரும்பாலும் வேலைப் பிரிவினை இல்லாததால் வருகிறது. நடப்பதைச் சொல்பவர் ஒருவர், ஏன் நடந்தது என்று விளக்குபவர் ஒருவர் என்று முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாமவர் முன்னாள் ஆட்டக்காரராக இருந்தால், தாம் ஆடிய காலத்துக் கதையைத் தொடங்குவார். கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது முடிவதற்குள் விக்கெட் விழுந்துவிடும். ஓவர் இடைவெளியில் முடியும் கதையை மட்டும் தொடங்குவது, பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கினால் பாதியிலேயே நிறுத்திவிடுவது என்ற ஒழுங்கு இருவருக்கும் இருந்தால் போதும். நேரலையின் பக்கத்தில் வந்து விழும் வாழ்த்துகளை வாசிப்பதற்கும் இதே விதிதான்.

பழகுவோருக்கு ஒரு வழி சொல்லலாம். யூடியூபில் ஏறிய தம் வர்ணனையை மறுநாள் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கேட்க வேண்டும். எந்த இடத்தில் ஸ்கோர் தெரியாமல் தவிக்கிறோம், எங்கே யார் பேசப்படுகிறார் என்று புரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே பத்து நிமிடத்தைப் படத்தோடு பார்த்து, படமே சொல்லிவிட்ட வாக்கியங்களை எண்ண வேண்டும். முதல் பட்டியலில் உள்ளவற்றை அடுத்த ஆட்டத்தில் சேர்ப்பதும், இரண்டாவதில் உள்ளவற்றை விடுவதும் அதன் பிறகு கடினமாக இருக்காது. திரையைக் கவிழ்த்துக் கேட்பதை வீட்டில் உள்ளவர் ஒருவரிடமும் ஒப்படைக்கலாம். கபடி தெரியாதவராகப் பார்த்துக் கொடுப்பது நல்லது.