ரத்தம் பட்ட கருவிக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான்

கிளினிக்கில் பயன்படுத்திய கத்தரி, ஃபோர்செப்ஸ் (இடுக்கி) எதுவானாலும் ரத்தம் காய்வதற்கு முன்பே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்து கீல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தாலும் அந்தப் படிவுக்கு அடியில் நீராவி சரியாகப் போய்ச் சேராது. சலைனில் ஊறப்போடுவதும் தப்பு, உப்பு ஸ்டீலை அரித்துவிடும். கீலைத் திறந்து வைத்து, டிடர்ஜென்ட் கலந்த தண்ணீருக்கு அடியிலேயே பிரஷால் தேய்த்தால் முகத்தில் தெறிக்காது, கையுறை கட்டாயம்.

இது சாதாரண ஸ்டீல் கருவிகளுக்கு மட்டும்தான். பல் மருத்துவர் பல்லைக் குடையப் பிடிக்கும் ஹேண்ட்பீஸைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான எண்டோஸ்கோப் என்றால் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்னபடிதான் செய்ய வேண்டும்.