வன்னிப் பாடசாலைகளுக்கு ஒருநாள் செயலமர்வு: முதன்முறை நடத்துவோருக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியில், உங்கள் கல்விக் கோட்டத்து அதிபர்களுக்கும் ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்கும் வாண்மை விருத்திச் செயலமர்வு (தொழில்திறனை வளர்க்கும் பயிற்சி) ஒன்றை நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்டபம், பதாகை, சாப்பாடு, பயிற்சி நடத்தும் வளவாளர் என்று மனம் ஓடத் தொடங்கும். அவற்றுக்கு நேரம் இருக்கிறது. முதலில் ஒரு பாடசாலைக்குப் போங்கள்.

படி 1: கொப்பிகளைப் பாருங்கள்

அதிபரிடம் கேட்டு, தரம் 3 அல்லது 4 வகுப்பில் பத்துக் கணிதக் கொப்பிகளை வாங்கிப் புரட்டுங்கள். அநேகமாக ஏதாவது ஒன்றில் இது கண்ணில் படும்: 42 − 18 = 36. ஆசிரியர் சிவப்புப் பேனாவால் பிழை போட்டு, பக்கத்தில் 24 என்று எழுதியிருப்பார். இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் வேறு எண்கள், அதே பிழை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். 2இலிருந்து 8 போகாது. அதனால் பிள்ளை 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்று எழுதியிருக்கிறது. பத்தின் இடத்தில் 4இலிருந்து 1 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ஓரிலக்கக் கழித்தலில் அந்த விதி அதைக் கைவிட்டதே இல்லை. சிவப்புப் பேனாவும் 24 என்ற விடையும் அந்த விதியைத் தொடவில்லை.

ஒருநாள் செயலமர்வுக்கு இந்த ஒரு பிழை போதும். ‘கற்றல் கற்பித்தலை மேம்படுத்தல்’ என்று தலைப்பு வைத்தால் வந்தவர்கள் குறிப்பெடுப்பார்கள், சான்றிதழ் வாங்குவார்கள்; மறுநாள் வகுப்பில் எதை மாற்றுவது என்று எவருக்கும் தெரியாது. ‘கழித்தலில் பிள்ளை விடும் பிழையை வாசித்தல்’ என்று சுருக்கி எழுதுங்கள். பெயர் தெரியாதபடி மறைத்து, அந்தப் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நாள், இடம், அனுமதி

மாரி மழை கொட்டும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பரீட்சைக் காலமும் விளையாட்டுப் போட்டிக் காலமும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வேண்டாம்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே தங்கிக் கற்பிப்பவர்கள் அன்று பின்னேரம் வீட்டுக்குப் புறப்படுவார்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவரிடம் கழித்தலைப் பற்றிப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். செவ்வாயோ புதனோ நல்லது.

இடத்தைப் பஸ்ஸை வைத்துத் தீர்மானியுங்கள். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்துக்கு ஒட்டுசுட்டானிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் வர முடியும். நெடுங்கேணிப் பக்கத்தவர்களுக்குப் புளியங்குளம் வசதி. ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடித்துவிடுங்கள்.

பாடசாலை நாளில் நடத்துவதானால் வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியை எழுத்தில் பெற்று, கடிதத்தின் பிரதியைக் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் கொடுங்கள். வருபவர்களின் நாள் கடமையாகக் கணிக்கப்படும் என்பது கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். சோற்றுப்பொதிக்கு முதல்நாளே எண்ணிக்கை சொல்லிவிடுங்கள். மரக்கறி எத்தனை என்று தனியாக.

படி 3: சோடியாக அழையுங்கள்

ஒரு பாடசாலையிலிருந்து அதிபரும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து வரவேண்டும். ஆசிரியர் மட்டும் வந்தால், திரும்பிப் போய்ச் செய்வதை அதிபர் அறியமாட்டார். அதிபர் மட்டும் வந்தால் விஷயம் கந்தோர் மேசையிலேயே நின்றுவிடும். பன்னிரண்டு பாடசாலை, இருபத்துநான்கு பேர். அதற்கு மேல் வேண்டாம். நான்கைந்து ஆசிரியர்களே உள்ள சிறிய பாடசாலைகளில் இருவர் வெளியே வந்தால் பல வகுப்புகளை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, எந்த நாள் தாங்கும் என்று கேட்டுத் திகதியைக் குறியுங்கள்.

வருபவர்களில் சிலர் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி செய்தவர்களாக இருப்பார்கள். கற்றல் கோட்பாடுகளை அவர்களுக்குத் திரும்ப ஒப்புவிக்காதீர்கள்.

படி 4: அன்றைய நாள்

வரவேற்புக்கு ஐந்து நிமிடம். விருந்தினர் உரைகளுக்கு ஒரு மணித்தியாலம் போனால், ஆசிரியர்கள் கையால் செய்து பார்க்க வேண்டிய மணித்தியாலம் போய்விடும். இதைப் பெரியவர்களிடம் மரியாதையாக முன்கூட்டியே சொல்லலாம், அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குக் கொப்பிப் பிரதியைக் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தப் பிள்ளை என்ன நினைத்து 36 என்று எழுதியிருக்கும்?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்பதையும், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எடுத்துக்காட்டினார். வளர்ந்தவர்களுக்கும் அந்த மௌனம் தேவை.

பிறகு ஈர்க்குக் கட்டுகளை மேசையில் வையுங்கள். பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்ட நான்கு கட்டு, தனியாக இரண்டு ஈர்க்கு. பதினெட்டை எடுக்கச் சொல்லுங்கள். எட்டு ஈர்க்கு எடுக்கப் போகும் கை இரண்டு ஈர்க்கின் மேல் நிற்கும். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் மேலே போகலாம். அவிழ்த்ததும் மூன்று கட்டு, பன்னிரண்டு ஈர்க்கு. எட்டை எடுத்தால் நான்கு, ஒரு கட்டை எடுத்தால் இரண்டு கட்டு. விடை 24. கரும்பலகையில் ‘கடன் வாங்குதல்’ என்று சொல்லிக்கொடுப்பது எதைக் குறிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. மல்டிமீடியா இல்லாமலே இது நடக்கும், மின்சாரம் நின்றாலும் நடக்கும்.

இதைப் பார்த்தால் போதாது. ஒருவர் ஆசிரியராகவும் மூவர் பிள்ளைகளாகவும் இருந்து ஒவ்வொருவரும் கற்பித்துப் பார்க்க வேண்டும். நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள்.

படி 5: அதிபருக்கு ஒரு வேலை

அதிபர் வகுப்பின் பின்வரிசையில் பதினைந்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டு என்ன சொல்வது? “நன்றாக இருந்தது ரீச்சர்” என்பது எதற்கும் உதவாது. குறைகளின் பட்டியல் ஆசிரியரின் மனத்தை உடைக்கும். “ரீச்சர், யன்னலோரம் இருந்த பிள்ளை கட்டை அவிழ்க்காமல் யோசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எது விளங்கவில்லை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கலாம். இந்த உரையாடலைச் சோடிகள் செயலமர்விலேயே பேசிப் பழகட்டும். பல அதிபர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். இரண்டாம் முறை பேசும்போது குரல் மாறுவதை நீங்களே கேட்பீர்கள்.

புறப்படுமுன் ஒவ்வொரு சோடியும் ஓர் அட்டையில் எழுத வேண்டும்: எந்த நாள், எந்தப் பாடம், எதைச் செய்யப்போகிறோம். ஒரு பிரதி உங்களுக்கு.

படி 6: இரண்டு வாரத்துக்குள் போங்கள்

அட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பாடசாலைக்குப் போங்கள். எல்லாப் பாடசாலைகளுக்கும் போக முடியாவிட்டால், தூரத்தில் உள்ளவர்களிடம் கொப்பியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் பேசுங்கள். ஆனால் மூன்று பாடசாலைக்காவது நேரில் போக வேண்டும்.

அங்கே அதே பிழையை விட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து 53 − 27 என்று எழுதிக் கொடுங்கள். 26 என்று எழுதினால், எப்படிச் செய்தாய் என்று கேட்டுக் காத்திருங்கள். 34 என்று எழுதினால், ஆசிரியரிடம் அனுமதி கேட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த செயலமர்வு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.