பழைய ஸ்கூபா இரட்டை டேங்கின் மேனிஃபோல்டில் (இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயில்) காற்றுக் கசிவா?

1960-களின் அமெரிக்க ஸ்டீல் 72 (சுமார் 72 கன அடி காற்று பிடிக்கும் எஃகு டேங்க்) ஜோடி கையில் கிடைத்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு டேங்கையும் மெதுவாக முழுக்கக் காலி செய்யுங்கள். உள்ளே இருக்கும் 2,250 பிஎஸ்ஐ அழுத்தம் விளையாட்டில்லை.

அப்புறம் கழுத்து மரையைப் பாருங்கள். அரை அங்குலக் கூம்பு மரை என்றால் டெஃப்லான் டேப் வேண்டும். முக்கால் அங்குல நேர் மரைக்கு டேப் கூடவே கூடாது, அங்கே காற்றை அடைப்பது 214 அளவு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மட்டும்தான். பழைய ரிங்கை மரக்குச்சியால் நெம்புங்கள், ஊசி வேண்டாம், பித்தளையில் மயிரிழைக் கீறல் விழுந்தாலே புது ரிங்கும் கசியும். சிலிகான் கிரீஸ் ரிங் மினுங்கும் அளவுக்குப் போதும் (நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலான காற்று, நிரப்புவதென்றால் அதுவும் ஆகாது).

குறுக்குக் குழாயைக் கோணலாக வைத்து முறுக்கினால் என்ன செய்தாலும் நிற்காது. முதலில் எல்லாவற்றையும் கையால் பூட்டி, நேராக உட்கார்ந்த பிறகு இருபுறமும் மாறிமாறி இறுக்குங்கள்.

பர்ஸ்ட் டிஸ்க்கை (அழுத்தம் மீறினால் கிழிந்து காற்றை வெளியே விடும் பாதுகாப்புத் தகடு) புதிதாக மாற்றுங்கள். ஜே-வால்வு (கடைசிக் கொஞ்சம் காற்றை இருப்பு வைக்கும் பழைய வால்வு) இருந்தால் நெம்புகோலைக் கீழிறக்கிவிட்டுத்தான் காற்று நிரப்ப வேண்டும். நிரப்பியபின் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் இன்னும் கசிகிறது, மறுபடி காலி செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.