லினக்ஸ் அனுமதிகள்: 777 என்று அடிப்பதற்கு முன்

போன வாரம், லினக்ஸுக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவர் தன் திரையைக் காட்டினார். ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கப் பார்த்திருக்கிறார், 'பர்மிஷன் டினைட்' என்று வந்துவிட்டது. அடுத்து அவர் என்ன அடிக்கப்போகிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது: சூடோ சிஹெச்மாட் -ஆர் 777. சிஹெச்மாட் என்பது அனுமதியை மாற்றும் கட்டளை. -ஆர் போட்டால் கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் மாறும். முன்னால் சூடோ போட்டால் கட்டளை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கில், ஓடும். சில வருடங்களுக்கு முன் நானும் அந்த 777-ஐத்தான் அடித்தேன். அதற்கு நன்றாக அனுபவித்தேன்.

புதியவர்கள் அனுமதிகளில் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கட்டளைகளில் வரும் எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்துக் குழப்பம் எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதற்கெடுத்தாலும் 777

ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஆக, 777 என்றால் அந்தக் கணினியில் எந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும் உங்கள் கோப்பைப் படிக்கலாம், மாற்றி எழுதலாம், இயக்கலாம். 'மற்றவர்கள்' என்பதில் மனிதர்கள் மட்டும் இல்லை. வலை சர்வர் போன்ற சேவைகளும் தனிக் கணக்கில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில் ஓட்டை விழுந்தாலும், உள்ளே நுழைந்தவன் கைக்கு உங்கள் கோப்புகள் எல்லாம் வந்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். வாடகைக்கு எடுத்த ஒரு உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) சர்வரில், என் கணக்குக்கென்று இருக்கும் ஹோம் கோப்புறைக்குள்ளேயே ஒரு இணையதளத்தை வைத்திருந்தேன். பிரவுசரில் திறந்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை. அந்த ஒரு கோப்புக்கு 777 கொடுத்தேன், மாறவில்லை. அது இருந்த கோப்புறைக்கும் கொடுத்தேன், மாறவில்லை. எரிச்சலில் ஹோம் கோப்புறை முழுவதற்கும் -ஆர் போட்டு அடித்தேன். பக்கம் திறந்தது! நிம்மதியாக வெளியேறினேன்.

மறுநாள் காலை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகவே முடியவில்லை. கடவுச்சொல் வழியை ஏற்கெனவே மூடியிருந்தேன், சாவிக்கோப்பு மட்டும்தான் வழி. அந்தச் சாவியை சர்வர் ஏற்க மறுத்தது. சர்வர் கொடுத்தவர்களின் மீட்பு கன்சோல் வழியாக நுழைந்து லாக் கோப்பைப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது: 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்', உரிமையோ அனுமதியோ சரியில்லை. ஹோம் கோப்புறையிலோ, அதனுள் சாவிகள் இருக்கும் .எஸ்எஸ்ஹெச் கோப்புறையிலோ மற்றவர்கள் எழுத முடிந்தால், யார் வேண்டுமானாலும் தங்கள் சாவியை உள்ளே சொருகிவிடலாம். அதனால் அங்கே இருக்கும் சாவிப் பட்டியலை எஸ்எஸ்ஹெச் நம்புவதே இல்லை. அது செய்தது சரிதான்.

அன்று முழு நாளும் போனது. அதைவிட இன்றும் என்னை உறுத்துவது வேறு. -ஆர் போட்டு மாற்றியபின் திரும்பிப் போக வழி கிடையாது. எந்தக் கோப்புக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது என்று லினக்ஸ் எங்கும் குறித்து வைப்பதில்லை. கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று ஃபைண்ட் கட்டளையால் பிரித்துக் கொடுத்தேன். அப்புறம் .எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்கு 700, உள்ளே இருக்கும் சாவிக்கோப்புகளுக்கு 600. எந்தெந்த ஸ்கிரிப்ட் இயங்க வேண்டியது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் மீட்டேன்.

இத்தனைக்கும் உண்மையான சிக்கல் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. ஒரு கோப்பைத் தொட வேண்டுமானால், அதன் பாதையில் வரும் ஒவ்வொரு கோப்புறையிலும் எக்ஸ் அனுமதி (மேலே 1 என்று சொன்ன இயக்கும் அனுமதி) வேண்டும். கோப்புறையைப் பொறுத்தவரை எக்ஸ் என்றால் இயக்குவது இல்லை, உள்ளே நுழைந்து கடந்து போவது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் கோப்புறைக்கு 750 தான் இயல்பு, மற்றவர்களுக்குப் பூஜ்யம். வலை சர்வர் அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் கோப்புக்கு 777 கொடுத்து என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க ஒரே கட்டளை போதும்: நேம்ஐ -எல், அதன்பின் கோப்பின் முழுப் பாதை. பாதையின் ஒவ்வொரு படியும் தனி வரியாக வரும், உரிமையாளரும் அனுமதியும் பக்கத்திலேயே இருக்கும். என் ஹோம் கோப்புறையின் வரியில் அனுமதியின் கடைசி மூன்று இடங்களும் '---' என்று வெறும் கோடுகள். அதை முதலில் பார்த்திருந்தால், தளத்தை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கோப்புறைக்கு மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்திருப்பேன்.

-ஆர் போட்ட அந்த 777 கட்டளையை, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்க் கோப்புறையிலிருந்து அடித்துவிட்டால் இன்னும் மோசம். சூடோ நிரல் ரூட்டாக ஓடுவதற்கான செட்யூஐடி அடையாளம் அழிந்துபோகும். அதன்பின் சரிசெய்ய சூடோவே இருக்காது. கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு மறுபடி நிறுவுவதுதான் பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

சூடோ போட்டும் 'டினைட்'

ரூட்டுக்குச் சொந்தமான ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க 'சூடோ எக்கோ ... >> /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்' என்று அடித்தால் மறுக்கும். சூடோ தரும் அதிகாரம் எக்கோ கட்டளைக்கு மட்டும்தான். >> குறிக்காகக் கோப்பைத் திறப்பது நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் ஷெல், அது உங்கள் கணக்கிலேயே ஓடுகிறது. எக்கோவின் வெளியீட்டை '| சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்' என்று அனுப்புங்கள். அந்த -ஏ முக்கியம், விட்டுவிட்டால் கோப்பில் இருந்த பழைய வரிகள் எல்லாம் போய்விடும்.

-ஏ இல்லாத யூசர்மாட் -ஜி

உங்களை ஒரு குழுவில் சேர்க்க இப்படி அடித்தால், சூடோ போட உரிமை தரும் சூடோ குழுவிலிருந்தே உங்களைத் தூக்கிவிடும். எப்போதும் -ஏஜி.

குழுவில் சேர்த்தும் வேலை செய்யவில்லை

வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

பென் டிரைவில் சிஹெச்மாட்

ஃபேட் வடிவில் இருக்கும் டிரைவில் லினக்ஸ் அனுமதிகளை எழுதி வைக்க இடமே இல்லை. டிரைவை மவுன்ட் செய்யும்போது (கணினியோடு இணைக்கும்போது) கொடுக்கும் விருப்பங்கள்தான் அங்கே செல்லும்.

தேவையில்லாத இடத்தில் சூடோ

சொந்த ஹோம் கோப்புறைக்குள் வேலை செய்யும்போது சூடோ தேவைப்படுகிறது என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சூடோ போட்டு எடிட்டரையோ கிட்டையோ (நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) ஓட்டினால், அது புதிதாக உருவாக்கும் கோப்புகள் ரூட்டின் பெயரில் பிறக்கும். நாளைக்கு நீங்கள் சாதாரணமாகத் திறந்து சேமிக்கப் போனால் விடாது. உடனே மறுபடி சூடோ, மறுபடி ரூட் கோப்புகள்.

நண்பருக்கு நடந்ததும் இதுதான். 777 அடிக்க விடாமல், முதலில் எல்எஸ் -எல் அடிக்கச் சொன்னேன். அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரூட் ரூட்' என்று இருந்தது. "இரண்டு நாள் முன்னாடி சூடோ போட்டு கிட் குளோன் பண்ணேன்" என்றார். அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் சிஹெச்ஓன் -ஆர் போட்டு, உரிமையை அவர் பெயருக்கே மாற்றினோம். கோப்பு சேமிக்கப்பட்டது. அதன் அனுமதி 644 ஆகவே இருந்தது, அதில் ஓர் எண்ணையும் தொடவில்லை.