பைக்குக்கு எந்த எஞ்சின் ஆயில்? டப்பாவைப் படித்து வாங்கப் பழகுவோம்

முதல் தடவை சொந்தமாக ஆயில் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த அலமாரியைப் பார்த்ததும் தலை சுற்றும். 10டபிள்யூ-30 என்று ஒன்று, 20டபிள்யூ-50 என்று ஒன்று, ஃபுல் சிந்தெடிக் என்று பளபளப்பாக இன்னொன்று. எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். எந்த பிராண்டாக இருந்தாலும் உங்கள் வண்டிக்கான ஆயிலை நீங்களே எடுத்துவிடலாம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகு. காருக்கு ஆயில் மாற்றியபோது டப்பாவில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம் இருந்தது. ஃபுல் சிந்தெடிக், 5டபிள்யூ-30. வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றிவிட்டேன். சில நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு மேட்டில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. கிளட்ச் கேபிளைச் சரிசெய்து பார்த்தேன், மாற்றமில்லை. மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "என்ன ஆயில் தம்பி ஊத்துனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதான்" என்றார். அந்த ஆயிலை வடித்து பைக் ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். வழுக்கல் நின்றது. சீக்கிரம் கவனித்ததால் கிளட்ச் பிளேட் தப்பித்தது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் சூடேறிக் கருகியிருக்கும்.

கார் ஆயில் ஏன் ஆகாது

காரில் எஞ்சின் ஆயிலுக்கு எஞ்சினைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், சாதாரண கியர் காரில் கிளட்ச் ஆயிலே படாமல் உலர்ந்த நிலையில் இயங்கும். பெரும்பாலான கியர் பைக்குகளில் கதை வேறு. பிஸ்டன், வால்வுகளைத் திறக்கும் கேம், கியர் பற்கள், கிளட்ச் பிளேட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. எஞ்சினுக்கு உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கிளட்ச் பிளேட்டுக்கோ உராய்வு இருந்தால்தான் பிடிப்பு. மைலேஜ் கூட வேண்டும் என்று பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். அது காருக்கு வரம். ஆயிலிலேயே ஊறிக்கிடக்கும் பைக் கிளட்சில் அதே சேர்மானம் பிளேட்டுகளை வழுக்க வைத்துவிடும்.

கியர்களும் ஆயிலைச் சும்மா விடுவதில்லை. 10டபிள்யூ-30 போல இரண்டு எண் போட்ட மல்டிகிரேடு ஆயிலில் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் கலந்திருக்கும். ஆயில் சூடாகும்போது ஒரேயடியாக இளகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவைதான். இரண்டு கியர் பற்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப நசுங்கும்போது அந்த மூலக்கூறுகள் துண்டு துண்டாக அறுபடும். 40 கிரேடாக (கிரேடு என்பது கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், படி 3இல் பார்ப்போம்) ஊற்றியது கொஞ்சம் கொஞ்சமாக 30 கிரேடு போல இளகிவிடும். ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது கியர் விழுவது முரடாகிறது, நியூட்ரல் சிக்க மாட்டேன் என்கிறது என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பைக்குக்கென்று தயாரித்த ஆயில் இந்த அறுபடலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது.

படி 1: மேனுவலைத் தேடி எடுங்கள்

வண்டியோடு வந்த புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலையும் வருடத்தையும் போட்டுத் தேடுங்கள். பராமரிப்புப் பகுதியில் இப்படி ஒரு வரி இருக்கும்: "எஸ்ஏஇ 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்ஜி அல்லது அதற்கு மேல், ஜாசோ டி 903 எம்ஏ". வண்டிக்கு வண்டி எண் மாறும், அமைப்பு இதேதான். அந்த வரியைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப் பார்க்கப்போவதெல்லாம் அந்த ஒரு வரியின் அர்த்தம்தான்.

படி 2: முதலில் ஜாசோ முத்திரை

10டபிள்யூ-30 போன்ற எஸ்ஏஇ எண்தான் (எஸ்ஏஇ என்பது வாகனப் பொறியாளர்கள் சங்கம்) டப்பாவில் பெரிதாக இருக்கும். ஆனாலும் என்னைக் கேட்டால் முதலில் ஜாசோ எழுத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். ஜாசோ என்பது ஜப்பானின் வாகனத் தரநிர்ணய அமைப்பு. கார் ஆயில்கள் மைலேஜுக்காக மாறிக்கொண்டே போனதில் பைக்குகளுக்குக் கிளட்ச் பிரச்சினை வர ஆரம்பித்தது. அதற்காகவே டி 903 என்ற தரத்தை 1998இல் கொண்டுவந்தார்கள். ஆயிலில் ஊறிய கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சோதித்து அதற்கேற்ப எழுத்து கொடுப்பார்கள்.

டப்பாவின் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி இவற்றில் ஒன்று இருக்கும். எம்ஏ என்றால் கிளட்சுக்குத் தேவையான உராய்வு இருக்கிறது, கியர் பைக்குக்குத் தகுந்தது. 2006இல் வந்த திருத்தத்தில் அதையே இரண்டாகப் பிரித்தார்கள். எம்ஏ2வில் பிடிப்பு அதிகம், எம்ஏ1இல் கொஞ்சம் குறைவு. மேனுவலில் எம்ஏ என்று மட்டும் இருந்தால் எம்ஏ2வும் தாராளமாக ஊற்றலாம். எம்ஏ2 என்று குறிப்பாகக் கேட்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

எம்பி என்பது உராய்வு குறைந்த ஆயில். பெல்ட்டில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் மூழ்குவதில்லை. அதனால் அங்கே எம்பி பொருந்தும், மைலேஜுக்கும் கொஞ்சம் உதவும். ஆனால் எல்லா ஸ்கூட்டருக்கும் எம்பிதான் என்று முடிவு கட்டாதீர்கள், சில மேனுவல்கள் எம்ஏ கேட்கும். வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்தால் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். இரண்டு டப்பாவிலும் 10டபிள்யூ-30 என்றே போட்டிருக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எம்பி ஆயிலைக் கியர் பைக்கில் ஊற்றினால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியின் ஆயில் முற்றிலும் வேறு இனம். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டியது. அதன் ஜாசோ எழுத்துகளும் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று வேறாக இருக்கும்.

படி 3: 10டபிள்யூ-30 என்றால் என்ன

இது ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதைச் சொல்லும் எண். பேச்சில் இதைத்தான் கிரேடு என்கிறோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த நிலையிலும் பின்னால் இருக்கும் எண் சூடான நிலையிலும் ஆயில் எப்படி இருக்கும் என்று சொல்கிறது.

10 என்பதை 10 டிகிரி என்று நினைப்பவர்கள் நிறைய. அது வெறும் வகுப்பு எண். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15இல். அந்தக் குளிரிலும் எஞ்சினைச் சுற்ற விடும் அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும் இந்த எண்ணுக்குப் பலன் உண்டு. இராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, மேலே கேம் வரைக்கும் ஆயில் ஏறுகிற அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். முதல் எண் சின்னதாக இருந்தால் ஆயில் சீக்கிரம் ஏறும்.

பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் அளந்தது. 30 கிரேடு என்றால் அந்தச் சூட்டில் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு இது), 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள் இருக்கும்.

இன்னொரு தவறான எண்ணம்: 10டபிள்யூ-40 சூடானால் கெட்டியாகி 40 ஆகிவிடும் என்பது. எந்த ஆயிலும் சூடானால் இளகத்தான் செய்யும். சாதாரண 10டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும், 100 டிகிரியில் 14 அளவுக்கு இறங்கிவிடும். அவ்வளவு இளகிய பிறகும் 40 கிரேடுக்குரிய கெட்டித்தன்மை மிஞ்சுகிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

சரி, கெட்டி ஆயில் ஊற்றினால் எஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காதா? இப்படிக் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 30க்கு என்று வடிவமைத்த எஞ்சினில் பேரிங் இடைவெளிகள் நெருக்கமாக இருக்கும், ஆயில் பம்பும் அதற்கேற்ற அளவில் இருக்கும். அதில் 50 ஊற்றினால் ஆயில் மெதுவாக ஏறும், எஞ்சின் இழுவையாக ஓடும், மைலேஜ் குறையும். 50 கேட்கும் எஞ்சினில் 30 ஊற்றினால் சூட்டில் ஆயில் படலம் மெலிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். சில மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் போட்ட அட்டவணை இருக்கும். தேர்வு செய்வதென்றால் அந்த அட்டவணைக்குள் மட்டும் செய்யுங்கள்.

படி 4: ஏபிஐ எழுத்து

இது சுலபம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் தரும் இரண்டு எழுத்துகள். எஸ்ஜி, எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று போகும். இரண்டாவது எழுத்து பின்னுக்குப் போகப் போகப் புதிய தரம். எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தவை. மேனுவல் கேட்பதோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வட்ட வடிவ ஏபிஐ முத்திரையின் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" அல்லது "எனர்ஜி கன்சர்விங்" என்று இருந்தால் கியர் பைக்குக்கு அதை எடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன உராய்வு குறைக்கும் ரகம் அதுதான்.

படி 5: மினரலா, சிந்தெடிக்கா

மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக்கில் மூலக்கூறுகள் சீராக இருப்பதால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், சீக்கிரம் கெடாது, குளிரிலும் நன்றாக ஓடும். செமி சிந்தெடிக் இரண்டும் கலந்தது. தினமும் வேலைக்குப் போய்வரும் சின்ன பைக்குக்கு மினரலோ செமி சிந்தெடிக்கோ நன்றாகவே போதும், நேரத்துக்கு மாற்றினால். நீண்ட தூரம், வேகம், நெரிசலில் மணிக்கணக்காக ஊர்வது என்று எஞ்சினைச் சூடாக்குகிறவர்களுக்கு ஃபுல் சிந்தெடிக் பயன்படும். எம்ஏ முத்திரை இருந்தால் சிந்தெடிக்கால் கிளட்ச் வழுக்குமோ என்று பயப்பட வேண்டாம். வழுக்க வைப்பது சேர்மானம்தான், சிந்தெடிக் என்பதல்ல.

அவசரத்துக்கு அதே கிரேடு, அதே ஜாசோ எழுத்துள்ள வேறு பிராண்டைக் கொஞ்சம் சேர்த்து அளவைச் சரிசெய்வதில் தப்பில்லை. உராய்வைக் குறைக்கும் என்று தனியாக விற்கும் சின்னக் குப்பிகளை மட்டும் ஊற்றாதீர்கள்.

படி 6: எவ்வளவு ஊற்றுவது

மேனுவலில் இதற்கு இரண்டு அல்லது மூன்று எண் இருக்கும். ஆயில் மட்டும் வடித்து மாற்றும்போது ஒன்று, ஃபில்டரும் மாற்றினால் ஒன்று, எஞ்சினையே பிரித்துச் சேர்த்தால் ஒன்று. உதாரணமாக 0.8 லிட்டர், 1 லிட்டர் என்று இருந்தால் சாதாரணமாக மாற்றும்போது 0.8தான். எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் ஆயில் உள்ளே தங்கிவிடும். ஒரு லிட்டர் டப்பா வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் கவிழ்த்தால் அளவு மீறும். உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும், காற்றோடு ஏர் ஃபில்டர் பக்கமும் கக்கும்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி வடியுங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முறுக்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அடியில் இருப்பது அலுமினியம், கோணலாக ஏறினால் மரை போய்விடும்.

சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். வண்டி சமதளத்தில் நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, பல வண்டிகளில் திருகாமல் மரையின் மேல் உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் திருகித்தான் பார்க்க வேண்டும், மேனுவலில் படம் இருக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி ஈரம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பதும் மேனுவலில் உண்டு. அதோடு ஒரு காலக்கெடுவும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. கறுத்துவிட்டது என்பதற்காகவே ஆயில் கெட்டுவிட்டது என்று ஆகாது, அழுக்கைத் தன்னோடு ஏந்திக்கொள்வதால் வரும் கறுப்பு அது. பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால்தான் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வடித்த ஆயிலைக் காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றவே கூடாது. அப்புறம், மாற்றிய மறுநாள் காலையில் ஒரு பழைய வெள்ளைத் துணியால் டிரெயின் போல்ட்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லையென்றால் அன்றைய மீட்டர் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.